கூண்டு புல்லட்

ஹபீப் ரகுமானுக்கு என்ன வியாபாரம் செய்யத் தெரியும் என்று காரைக்குடியில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். ஆணி, கீல், பூட்டு, பெயிண்ட் விற்கிற கடை அவருடையது. பூட்டு வாங்க வந்தவன் "இது உறுதியா இருக்குமா பாய்?" என்று கேட்டால், "நல்ல பூட்டுதான். ஆனா திருடணும்னு வந்தவன் எதையும் உடைப்பான்" என்பார். அப்புறம் அவன் எப்படி வாங்குவான்? ஆனாலும் வாங்கினார்கள். இந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டார் என்று ஊருக்கே தெரியும்.

அப்படிப்பட்டவரைத்தான் ஒரு பொய் சொல்ல வைக்க வேண்டியதாகிவிட்டது சைதுன் பீவிக்கு. கட்டிய மனைவிதான். ஆசைப்பட்டுச் செய்யவில்லை, அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

எல்லாம் அந்தக் கூண்டால் வந்தது.

சைதுன் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவள். மதுரைக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகத்தான் கூடியது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பஸ் படி அவள் முழங்காலுக்கு மேல் நிற்கும். அதில் கால் வைக்க முடியாது. மாட்டு வண்டியில் ஏற்றினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் உயிர் வரும். தங்கை பல்கீஸ் தேவகோட்டையில் வாக்கப்பட்டிருந்தாள். புருஷன் பினாங்கில், படுத்த படுக்கையான மாமனாரை விட்டு அவளாலும் நகர முடியாது. பக்கத்து ஊர்தான், ஆனால் அக்காவும் தங்கையும் முகம் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலை வாரி, ஒரே ஆளைப் பற்றிப் புறணி பேசி வளர்ந்தவர்கள். சைதுன் இதைச் சொல்லி அழுததில்லை. ஆனால் தேவகோட்டை பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறபோதெல்லாம் அவள் கை வேலை நின்றுவிடும். இதை ஹபீப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குக் கதவுக் கொக்கிகள் கொண்டுபோனபோதுதான் அது அவர் கண்ணில் பட்டது. கார் கொட்டகையின் மூலையில் ஒரு சைடு கார் கிடந்தது. மோட்டார் சைக்கிளுக்கு இடது பக்கம் ஒற்றைச் சக்கரத்தோடு மாட்டுகிற தொட்டி. அந்த வீட்டுப் பெரியவர் பர்மாவிலிருந்து கொண்டுவந்ததாம். உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி உமையாள் ஆச்சி, "கொட்டகையை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. கோழியை மட்டும் விட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க பாய்" என்று சொல்லிவிட்டார்.

அதைத் தன் புல்லட்டோடு மாட்ட ஹபீப் பட்ட பாடு கொஞ்சமில்லை. மாட்டியதோடு விட்டாரா? தங்கள் வீட்டுப் பெண்கள் திரையில்லாமல் தெருவில் போகிற வழக்கம் இல்லை. அதனால் வண்டி ஆசாரி ஐயனாரைக் கூப்பிட்டு, வில்வண்டிக்குப் போடுகிற மாதிரியே மூங்கில் வளைத்துப் பாய் போட்டு ஒரு கூண்டு கட்டச் சொன்னார். சுற்றிலும் பச்சைத் திரை. உள்ளே பழைய கார் ஸீட் ஒன்றை வெட்டிப் போட்டார். ஏறுவதற்குத் தாழ்வாக ஒரு படி. புல்லட் சத்தத்தில் பேசினால் கேட்காதே என்று தன் கடையிலிருந்தே பெரிய சைக்கிள் மணி ஒன்றை எடுத்து உள்ளே பொருத்தினார். ஒரு தடவை அடித்தால் மெதுவாகப் போக வேண்டும். இரண்டு தடவை அடித்தால் நிறுத்த வேண்டும்.

ஊர் சும்மா இருக்குமா? ஜும்மா முடிந்து பள்ளிவாசல் வாசலில் கூட்டாளி அமீர் ஹம்சா கேட்டார்: "என்ன மாப்ள, மாட்டை அவுத்துட்டு மோட்டாரைப் பூட்டிட்டீக போல?" கூண்டு புல்லட் என்று அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது. ஹபீப் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாடு முடிந்ததும் சைதுனைக் கைகொடுத்து ஏற்றி உட்கார வைத்து, திரையை இழுத்துவிட்டு, தேவகோட்டைக்குக் கிளம்பிவிடுவார். முதல் தடவை போனபோது பல்கீஸ் வாசலுக்கு ஓடி வந்து, "லாத்தா, பெட்டியில வச்சுக் கொண்டாந்திருக்காகளே உன்னய" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். பிறகு இரண்டு பேரும் பொழுது சாயும் வரை வாய் மூடவில்லை. ஹபீப் கூடத்தில் கிடந்து குறட்டை விட்டார்.

இதெல்லாம் எழுபதாம் வருஷம். அடுத்த வருஷம் தேவகோட்டை ரஸ்தா ரயில்வே கேட் தாண்டி ஒரு வளைவில், எதிரே வந்த பஸ் ஒன்று ரோட்டை முழுசாக எடுத்துக்கொண்டது. ஹபீப் ஹேண்டில்பாரை ஒடித்தார். கூண்டுப் பக்கச் சக்கரம் மண்சரிவில் இறங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கருவேல மரத்தில் முட்டி நின்றது. சைதுனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. திரையை விலக்கிப் பார்த்த ஹபீப்தான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே பூமிநாதன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அவன் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. சங்கராபுரம் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். வயலில் குனிய அலுப்புப்பட்டு இந்த வேலைக்கு வந்தவன். நல்ல பையன், ஆனால் மறதிக்காரன். புல்லட்டின் பாலிசியைப் புதுப்பிக்க மறந்துவிட்டான், அது காலாவதியாகிவிட்டது. இனிமேல் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். புதிதாக எடுப்பதென்றால் மதுரையிலிருந்து கம்பெனி ஆள் வந்து வண்டியைப் பார்ப்பார்.

"பார்க்கட்டும். இந்தத் தடவை கூண்டைப் பத்தியும் சொல்லிருவோம்" என்றார் ஹபீப்.

பூமிநாதன் பதறிப்போனான். "அண்ணே, ஏன் தூங்குற நாயைத் தட்டி எழுப்புறீக? வெறும் மோட்டார் சைக்கிள்னு சொன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு. சைடு கார், அதுக்கு மேல கூண்டு, அதுக்குத் திரைன்னா கம்பெனியில இருந்து கழட்டச் சொல்லி எழுதிருவாக. கழட்டுனாத்தான் பாலிசின்னா என்ன செய்வீக?"

அடுப்படியில் இருந்த சைதுனுக்குக் கழட்ட வேண்டும் என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் அப்புறம்.

மதியம் சோறு போடும்போது பேச்சை எடுத்தாள். "பூமிநாதன் சொல்றதுதான் சரி. எதையும் சொல்ல வேணாம்."

"சைதுன், நான் சொல்றதைக் கேளு. அன்னைக்கு அந்த மரம் மட்டும் இல்லைன்னா? உனக்கு ஒண்ணு ஆகி நான் போய்க் கேட்டா, எங்க தாளுல இப்படி ஒரு தொட்டியே இல்லையே, அதுல எப்படி ஒரு பொம்பளை இருந்திருக்க முடியும்னு கேப்பான். கம்பெனி கணக்குல அந்த வண்டியில நீ இல்லவே இல்ல."

"தாளுல இல்லாட்டிப் போகுது. வண்டியில இருக்கேன்ல?"

"அது தப்பில்லையா? கேக்குற இடத்துல மறைச்சா அதுவும் பொய்தானே."

"உங்களுக்கு என்ன, கால் இருக்கு. நெனச்சா நடப்பீக, நெனச்சா பஸ் ஏறுவீக. கூண்டைக் கழட்டிட்டா நான் இந்தச் சுவரைப் பிடிச்சுக்கிட்டே மவுத்தாக வேண்டியதுதான்." சொல்லிவிட்டுக் குழம்புச் சட்டியை ணங்கென்று வைத்தாள்.

சொன்ன சொல் கொஞ்சம் அதிகம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் திருப்பி எடுக்க மனம் வரவில்லை. அன்று முழுக்க அவள் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சட்டி முட்டிகள்தான் பேசின. ஹபீப் வெளியில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தால் என்ன, வீட்டில் சைதுன் பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மூன்றாம் நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னார்: "சரி. நீ சொல்ற மாதிரியே செய்வோம்."

அவர் முகம் வாடியிருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல அவள் இருந்துவிட்டாள். கூண்டு தப்பித்தது, அவளுக்கு அது போதும்.

திட்டம் பூமிநாதனுடையது. புல்லட்டிலிருந்து சைடு காரைக் கழற்றிக் கொல்லை மூலையில் செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்திவிடுவது. புல்லட் நிற்பதும் அதே கொல்லைதான். வருகிறவர் அங்குட்டு இங்குட்டு நடந்து அதைப் பார்த்துவிட்டால்? அதற்கும் ஒரு வழி சொன்னான். "மதினி உள்ள உக்காந்து திரையை இழுத்துவிட்டுக்கட்டும். பொம்பளைக இருக்காகன்னு சொன்னா எந்த மனுஷனும் அந்தப் பக்கம் எட்டு வைக்க மாட்டான். அவரென்ன திரையைத் தூக்கியா பார்க்கப் போறாரு?"

மகா புத்திசாலிதான். திரைக்குள் இருக்கிற பெண்ணுக்குக் காது உண்டு என்பதை மட்டும் மறந்துவிட்டான்.

குறித்த நாளில் ஹபீப் அவளைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார். இடுப்புக்கு ஒரு தலையணையைச் சொருகினார். ஒரு செம்பில் தண்ணீர் வைத்தார். "வேர்க்குமே" என்று சொல்லி ஒரு விசிறியும் கொடுத்தார். பொய் சொல்லப் போகிற பரபரப்பிலும் அந்த மனுஷனுக்கு விசிறி ஞாபகம் வந்ததே என்று அவளுக்கு நெஞ்சை என்னவோ செய்தது.

மதுரைக்காரர் ஒல்லியாக, கையில் தோல் பையோடு வந்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கொல்லை மூலையில் பச்சைத் திரையைப் பார்த்ததும் நின்றார். பூமிநாதன் குரலைத் தாழ்த்தி, "வீட்டுப் பொம்பளைக இருக்காக சார்" என்றதும் அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூமிநாதன் சொன்னபடியே நடந்தது. புல்லட்டை அவர் சுற்றிச் சுற்றி வந்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தார், ஹாரன் அடித்தார். பிறகு இடது பக்கம் குனிந்தார்.

"இங்க என்ன, கிளாம்ப்பு மாட்டின தடம் இருக்கு? இரும்பு தேஞ்சு பளபளன்னு இருக்கே?"

திரைக்குள் சைதுன் விசிறியை நிறுத்தினாள். பூமிநாதன் இருமினான்.

"சைடு கார்..." என்றார் ஹபீப்.

"எங்க அது?"

"பழைய இரும்புக்குப் போட்டாச்சு சார்" என்று பூமிநாதன் முந்திக்கொண்டான்.

"நான் வண்டிக்காரரைக் கேக்குறேன். எதுக்காகக் கழட்டினீங்க?"

ஹபீப் தொண்டையைச் செருமினார். பூட்டு வாங்க வந்தவனிடம்கூட ஒரு பொய் சொல்லாத குரல் அது. இப்போது சொல்லக் கிளம்பி, சந்து தெரியாத ஊரில் வழி கேட்கிறவர் மாதிரி தடுமாறியது. "அது... அது ஒரு தண்டச் சுமை சார். வண்டியை ஒரு பக்கமா இழுக்கும். வேண்டாத பாரம். தூக்கிச் சுமந்துக்கிட்டுப் போறதே தொல்லையாப் போச்சு. அதுல ஏறுறதுக்கும் ஆள்..."

பொய் என்று சைதுனுக்குத் தெரியும். சொல்லச் சொன்னதே அவள்தான். ஆனாலும் அந்தச் சொற்கள் வந்து மேலே விழுந்தபோது வலித்தது. தன்னைச் சொன்னதால் மட்டும் இல்லை. கோழி இருந்த தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஆசாரி கூடவே உட்கார்ந்து மூங்கில் வளைத்து, அவள் காலுக்கு எவ்வளவு தாழ்வாகப் படி வேண்டும் என்று திரும்பத் திரும்ப அளந்து பார்த்த கை அது. அந்த மனுஷன் வாயாலேயே அதைத் தண்டச் சுமை என்று சொல்ல வைத்துவிட்டோமே என்று நினைத்தாள். அவள் கை தானாக எழுந்தது.

ட்ரிங். ட்ரிங்.

ஹபீப் பேச்சை நிறுத்தினார். நிறுத்தினார் என்றால் பாதிச் சொல்லில். பழக்கதோஷம், அவருடைய இடது கால்கூட பிரேக்கைத் தேடித் தரையில் அழுந்தியது.

"என்ன அது, மணிச் சத்தம்?" என்றார் மதுரைக்காரர்.

சைதுன் திரைக்குள்ளிருந்து பேசினாள். முன்பின் தெரியாத ஆம்பிளையோடு பேசி அவளுக்குப் பழக்கமில்லை. முதல் இரண்டு வார்த்தை தடுக்கியது, அப்புறம் தடுக்கவில்லை.

"சார், அவுகளுக்குப் பொய் சொல்ல வராது. நான்தான் சொல்லச் சொன்னேன். சைடு கார் எங்கயும் போகல. நான் அதுலதான் உக்காந்திருக்கேன். எனக்கு இடுப்பு ஒடஞ்சு நடக்க முடியாது. வெள்ளிக்கிழமையானா இதுலதான் என்னயத் தேவகோட்டைக்கு, தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவாக. இது பாரம்னு அவுக ஒரு நாளும் சொன்னதில்ல. அதை எழுதிராதீக. அந்த வண்டியில நான் இருக்கேன், அதை எழுதுங்க."

பூமிநாதன் தலையில் கை வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டான். ஹபீப் திரையையே பார்த்தபடி நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

மதுரைக்காரர் தோல் பையைத் திறந்து பேனாவை எடுத்தார். பிறகு, "எழுதினா கம்பெனியில வேண்டாம்னு சொன்னாலும் சொல்லலாம்மா. எனக்கு அதிகாரம் இல்ல" என்றார்.

"சொன்னாச் சொல்லட்டும்" என்றாள் சைதுன். சொல்லும்போதே தேவகோட்டை வாசலில் பல்கீஸ் நிற்பது கண்ணில் வந்தது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

அவர் சைடு காரை மாட்டச் சொன்னார். அவளை வைத்தே தெருவைச் சுற்றி ஒரு தடவை ஓட்டச் சொல்லி, பின்னாலேயே நடந்து பார்த்தார்; குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். போகும்போது மட்டும் ஹபீப்பிடம், "பதில் வர்ற வரைக்கும் இதை எடுக்கக் கூடாது. ஆனா ஒண்ணு பாய், இப்படி மணி அடிச்சு நிறுத்த ஒரு ஆள் எங்க வீட்டுலயும் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். சொல்லிவிட்டு அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமைகள் வந்தன, போயின. தேவகோட்டை பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. சைதுன் கை வேலை மறுபடியும் நின்றது. பல்கீஸ் ஒரு நாள் கண்டக்டரிடம் ஓட்டுமாவுப் பலகாரம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். ஹபீப் ஒரு தடவைகூட, நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஒரு நாள் அவளே கேட்டாள்: "என் மேல கோவமா?"

"கோவமா? அன்னைக்கு நீ மணி அடிக்காம இருந்திருந்தா, நான் இன்னும் பேசிக்கிட்டே போயிருப்பேன். என்னத்தையெல்லாம் சொல்லியிருப்பேனோ" என்றார் அவர். "நல்ல வேளை, ரெண்டு தடவை அடிச்ச. ஒரு தடவை அடிச்சிருந்தா மெதுவாப் பொய் சொல்லியிருப்பேன்."

அவள் அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தாள்.

மாசி பிறந்த பிறகு பூமிநாதன் வந்தான். வாசலிலேயே, "மதினி, ஏத்துக்கிட்டாக" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வந்தான். இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், தானே முன்னின்று முடித்த காரியம் போல விவரம் சொன்னான். சைடு கார் சேர்ந்தது, கூண்டு சேர்ந்தது, அதில் உட்காருகிற ஆளும் சேர்ந்தது. தொகை கொஞ்சம் கூடும். ஒரே ஒரு நிபந்தனை. வண்டிக்காரர் பக்கம் இருக்கிற வலது திரை காற்றில் பறந்து பின் சக்கரத்தில் சிக்குகிற மாதிரி இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிட வேண்டும். தெருப்பக்கத் திரை இருக்கலாம்.

"அந்தப் பக்கம் மறைக்கத்தான் நான் இருக்கேனே" என்றார் ஹபீப்.

அந்த வெள்ளிக்கிழமை சைதுன் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். இடது பக்கம் வழக்கம் போலப் பச்சைத் திரை. வலது பக்கம் ஒன்றுமில்லை. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அவர் முழங்கால். இத்தனை நாள் போன வழிதான், ஆனால் போகும்போது அவரைப் பார்த்ததே இல்லை. ஊர் எல்லை தாண்டும்போது நிமிர்ந்து பார்த்தாள். காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தாடி ஒரு பக்கமாகப் பறக்க, அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. முதலில் ஓதுகிறார் என்றுதான் நினைத்தாள். ஓதுகிறவர் தலையை ஆட்டிச் சிரிப்பாரா? இவர் சிரித்தார். பனந்தோப்பைக் காட்டி என்னவோ சொன்னார். பாலம் வந்ததும் இந்தப் பக்கம் சாய்ந்து என்னவோ கேட்டார். கேட்டுவிட்டு, பதில் கிடைத்துவிட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

ட்ரிங். ட்ரிங்.

வண்டி புளியமரத்தடியில் நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு ஹபீப் பதறிக்கொண்டு குனிந்தார். "என்ன, இடுப்பு வலிக்குதா?"

"ஆரோட பேசிக்கிட்டு வாரீக?"

அவர் திகைத்தார். திரை இல்லாதது அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. திருடி அகப்பட்ட மாதிரி தலையைச் சொறிந்தார். "ஆரோட... உன்னோடதான்."

"எனக்குத்தான் ஒண்ணும் கேக்காதே."

"கேக்காதுன்னு தெரியும். மொத நாள்ல இருந்து பேசிக்கிட்டுத்தான் வாரேன். அந்தா பனையில தூக்கணாங்கூடு தொங்குதுன்னு சொல்லுவேன். கடையில இன்னார் வந்தாகன்னு சொல்லுவேன். பாலத்துல ஏறும்போது பயமா இருக்கான்னு கேப்பேன்."

"பதிலுக்கு என்ன செய்வீக?"

"நீ மணி அடிக்கலையா, சரி, பயமில்லன்னு எடுத்துக்குவேன்."

சைதுன் துப்பட்டியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். ரோட்டில் யாரும் இல்லை. அவர் பார்க்கக் கூடாது என்றுதான். இத்தனை வெள்ளிக்கிழமைகள், ஒரு முழத் துணிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, தங்கச்சி வீடு எப்போது வரும் என்றே நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவளுக்கு அவர் மேல் வந்த ஆசையைச் சொல்லத் தெரியவில்லை. அதனால் அதட்டினாள்.

"இன்ஜினைப் போட வேணாம். மொதல்ல இருந்து சொல்லுங்க."

"மொதல்ல இருந்தா? ஒரு வருஷப் பேச்சு புள்ள. பல்கீஸ் வாசல்ல காத்துக்கிட்டு நிப்பா."

"நிக்கட்டும்" என்றாள் சைதுன் பீவி.

ஹபீப் ஸீட்டில் திரும்பி உட்கார்ந்து, எங்கே ஆரம்பிப்பது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, தூக்கணாங்கூட்டிலிருந்து ஆரம்பித்தார்.